கருவுற்றோரும் சமய நோன்பும்

சமய நோன்பு என்பது வழிபாட்டின் பகுதியாகக் குறித்த காலத்துக்கு உணவையும், சில நோன்புகளில் நீரையும் விலக்கியிருத்தல் ஆகும். யூதரின் யோம் கிப்பூர், முசுலிம்களின் ரமலான், கத்தோலிக்கரின் தவக்கால நோன்பு, இந்துக்களின் கந்தசஷ்டி, ஏகாதசி முதலியவை பரவலாக அறியப்பட்டவை. இவை யாவும் உடல்நலமுள்ள வளர்ந்தோரை மனத்திற்கொண்டு அமைந்தவை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் நிலை வேறு. அவள் பசித்திருக்கும்போது கருவிலுள்ள குழந்தையும் அந்தப் பசியில் பங்கு கொள்கிறது. எனவே எல்லாச் சமயங்களும் அவளுக்கென ஏதேனும் ஒரு தளர்வை வைத்துள்ளன. அப்படியிருந்தும் தளர்வைப் பயன்படுத்தாமல் நோன்பிருக்கும் தாய்மார் உலகெங்கும் உள்ளனர்.

புதுச்சேரி போன்ற ஊரில் இது அன்றாட வாழ்வோடு ஒட்டிய செய்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இந்துக்கள் சுமார் 87 விழுக்காடு. கிறித்தவரும் முசுலிம்களும் தலா 6 விழுக்காட்டளவில் உள்ளனர். நெல்லித்தோப்பில் விண்ணேற்பு அன்னை ஆலயம் உள்ளது. நகரின் முல்லா வீதிப் பகுதியில் பள்ளிவாசல். முருகன் கோயில்கள் எங்கும் உண்டு. ஒரே தெருவில் தவக்காலமும் ரமலானும் கார்த்திகைச் சோமவாரமும் கடைப்பிடிக்கப்படுகின்றன. யூதர் இங்கு ஒரு சமூகமாக வாழவில்லை. ஆயினும் கருவுற்றோர் நோன்பு பற்றி மிக நுணுக்கமாக விதி வகுத்தவர்கள் அவர்களே. அந்த நோன்பு பற்றிய மருத்துவ ஆய்வுகளும் கவனத்துக்குரியவை. எனவே இக்கட்டுரையில் அவற்றுக்குக் கூடுதல் இடம் தரப்படுகிறது.

நோன்பின் அளவு

நோன்பு உடலை எவ்வளவு பாதிக்கும் என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். நீர் அருந்தலாமா? தொடர்ந்து எத்தனை மணி நேரம்? எத்தனை நாள்?

யோம் கிப்பூர் ஒரே நாள்; ஆனால் மாலை தொடங்கி மறுநாள் இருட்டும் வரை சுமார் 25 மணி நேரம் உணவும் இல்லை, நீரும் இல்லை. ரமலான் 29 அல்லது 30 நாள். வைகறை முதல் கதிரவன் மறையும் வரை நீரும் இல்லை. புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கு ஆண்டின் எப்பருவத்திலும் அது ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரமே. ஆனால் ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். மார்கழியில் வரும் நோன்பும் அக்கினி நட்சத்திரத்தில் வரும் நோன்பும் மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒன்றாயினும் உடலுக்கு ஒன்றல்ல.

கத்தோலிக்க நோன்பில் நீருக்குத் தடையில்லை. முழு உணவு ஒரு வேளை, சிற்றளவு உணவு இரு வேளை உண்ணலாம். கந்தசஷ்டி 6 நாள். அதில் பாலும் பழமும் உண்போர், ஒரு வேளை உண்போர், மிளகும் நீருமாய் இருப்போர் எனப் பல நிலையினர் உண்டு. பட்டினி என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் குறிப்பதால்தான், 'எங்கள் அம்மா காலத்தில் எல்லோரும் இருந்தார்களே' என்ற ஒப்பீடு பல நேரங்களில் பொருந்தாமல் போகிறது.

கருவுற்ற உடலில் பட்டினி

உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. உணவு இல்லாத நேரத்தில் முதலில் அந்தச் சேமிப்பு செலவாகும். அது குறையக் குறைய உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கொழுப்பு கரையும்போது கீட்டோன் எனும் பொருள்கள் இரத்தத்தில் சேரும். கருவுறாத பெண்ணுக்கு இம்மாற்றம் மெதுவாக நிகழும். கருவுற்றவளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், விரைந்து நிகழும். குழந்தை நஞ்சுக்கொடி வழியே இடைவிடாது சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருப்பதே காரணம். இந்நிலையை மருத்துவர் 'விரைவுபட்ட பட்டினி' என்பர். 1982இல் லான்செட் இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நிறைமாதத்தை நெருங்கிய பெண்கள் இரவு உணவுக்குப் பின் காலை உணவையும் தவிர்த்து 18 மணி நேரம் இருந்தாலே இரத்தச் சர்க்கரை குறைந்து கீட்டோன் உயர்வதைக் காட்டியது. ஒரு வேளை காலை உணவைத் தவிர்ப்பதும் அவளுக்குச் சிறு பட்டினி அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

உணவைவிட நீர் முதன்மையானது. கருவுற்ற காலத்தில் தாயின் இரத்த அளவு 40 விழுக்காட்டுக்கும் மேல் பெருகுகிறது. நீர் குறைந்தால் தலைச்சுற்றல், மயக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடும். நீர் குறையும்போது உடலில் அதைக் காக்கும் வாசோபிரசின் எனும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினும் இதுவும் மூளையின் ஒரே பகுதியில் உருவாகுபவை. அமைப்பிலும் நெருங்கிய உறவுடையவை. நீரற்ற நோன்பின் முடிவில் சிலருக்குக் கருப்பை இறுகுவதற்கு இவ்வுறவு காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

யூத சமயம்

யூத நாட்காட்டியில் 25 மணி நேர நோன்புகள் இரண்டு. திஷ்ரி மாதம் 10ஆம் நாள் வரும் யோம் கிப்பூர் பாவமன்னிப்புக்கான நாள். ஆவ் மாதம் 9ஆம் நாள் வரும் திஷா பெஆவ் எருசலேம் ஆலயங்களின் அழிவை நினைந்து துயர்கொள்ளும் நாள். இவையன்றி விடியல் முதல் இருட்டும் வரையிலான சிறு நோன்புகளும் உள்ளன. அவற்றிலிருந்து கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் விலக்கு உண்டு. 1565இல் முதன்முதலில் அச்சான சுல்கான் ஆருக் எனும் சட்டத் தொகுப்பு, இரு பெருநோன்புகளில் மட்டும் கருவுற்றோர் மற்றவரைப் போலவே நோன்பிருக்க வேண்டும் என்கிறது. திஷா பெஆவ் நாளில் உடல் தளர்ந்தோருக்கு இன்றைய ரபிகள் பலர் தாராளமாக விலக்கு அளிக்கின்றனர். யோம் கிப்பூரில் அவ்வாறு பொதுவிலக்கு இல்லை.

ஆனால் அந்த நாளுக்கும் ஒரு பேரெல்லை உண்டு. உயிர் காத்தல் ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும் விட உயர்ந்தது என்பது யூதச் சட்டத்தின் அடிப்படை. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, யோம் கிப்பூர் அன்று உணவின் மணம் பட்டு வேட்கை கொண்ட கருவுற்ற பெண்ணுக்கு, அவள் மனம் தெளியும் வரை உண்ணக் கொடுக்க வேண்டும் என்கிறது. பின்னர் வந்த நூல்கள் இதற்கு முறை வகுத்தன. முதலில் இன்று யோம் கிப்பூர் என்று அவள் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். அதில் வேட்கை அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் கொடுத்துவிட வேண்டும். வாயும் வயிறுமாக இருப்பவள் கேட்டதை மறுக்கக் கூடாது என்னும் நம் வழக்கத்துக்கு இது மிக நெருங்கியது.

நோயாளி பற்றிய விதியும் குறிப்பிடத்தக்கது. உண்ண வேண்டியது தேவையா என்பதை மருத்துவம் அறிந்தோர் சொல்ல வேண்டும். மருத்துவர் தேவையில்லை என்று கூறி, நோயாளி தேவை என்று கூறினால், நோயாளியின் சொல்லே ஏற்கப்படும். மருத்துவர் தேவை என்று கூறி நோயாளி மறுத்தால், மருத்துவர் சொல் ஏற்கப்படும். இரண்டிலும் வெல்வது உணவு கொடு என்னும் குரலே. பிரசவித்தவளுக்கும் இதே நோக்கு: முதல் 3 நாள் நோன்பே இல்லை, 3 முதல் 7 நாள் வரை அவள் வேண்டும் என்றால் இல்லை, அதன்பின் மற்றவரைப் போல.

முழுப் பட்டினிக்கும் முழு உணவுக்கும் இடையே ஓர் இடைவழியும் உண்டு. தண்டனைக்குரிய மீறல் என்பது ஒரு பெரிய பேரீச்சம்பழ அளவு உண்பதும், ஒரு வாய் நிறையக் குடிப்பதும் ஆகும். ஆகவே ஆபத்து இருக்கலாம் என்று கருதப்படும் பெண், அந்த அளவுக்குக் குறைவாக, இடைவெளி விட்டு உண்டு குடிக்கலாம். இன்று ரபிகள் பலர் சொல்லும் அளவு, 9 நிமிடத்துக்கு ஒரு முறை சுமார் 30 மில்லி அளவு உணவும், சுமார் 40 மில்லி நீரும். சிறிய கிண்ணத்தை அருகில் வைத்துக் கடிகாரம் பார்த்துப் பருகும் தாய், நாளின் புனிதத்தையும் காக்கிறாள், நீரிழப்பையும் தவிர்க்கிறாள். உடனடி ஆபத்து என்றால் அளவு பார்க்காமல் உண்ண வேண்டும்.

இசுலாம்

ரமலான் நோன்பில் நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆன் விலக்கு அளிக்கிறது. கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நபிமொழியின் அடிப்படையில் சலுகை உண்டு. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சினால் நோன்பை விட்டுப் பிறகு களாவாக நிறைவேற்றலாம். தமிழ்க் கடற்கரை முசுலிம்களிடையே பரவலான ஷாஃபிஈ வழிமுறையில், குழந்தையின் பொருட்டு மட்டும் விட்டிருந்தால் களாவோடு, விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவும் கடமை. தன் உடல்நலம் பொருட்டும் விட்டிருந்தால் களா மட்டும் போதும். ஹனஃபி வழிமுறையில் இரண்டு நிலையிலும் களா மட்டுமே.

விலக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பல பெண்கள் நோன்பு நோற்கக் காரணம் உண்டு. கருவுற்ற ஆண்டு, பாலூட்டும் ஆண்டு, அடுத்த கரு என்று போனால், விடுபட்ட நாட்கள் 60, 90 என ஏறிவிடும். வீடே நோன்பிருக்கும் மாதத்தில் எல்லோரோடும் சேர்ந்து ஸஹர் உண்டு, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியோடு நோன்பு திறப்பது எளிது. வேறொரு மாதத்தில், மற்றவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு தான் மட்டும் தனியே பசித்திருப்பது கடினம்.

கத்தோலிக்கம்

1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி நோன்பும் இறைச்சி தவிர்த்தலும் சேர்ந்த நாட்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நோயாளிகளும் இக்கடமைக்கு உட்பட்டவரல்லர் என்பது திருச்சபையின் நெடுநாள் நடைமுறை. எனவே சட்டம் இங்கு இடர் தருவதில்லை. இடர் வருவது தானே நேர்ந்துகொள்ளும் நோன்புகளால். தவக்காலம் 40 நாளும் ஒரு வேளை உண்பது, வேளாங்கண்ணிக்குப் பட்டினியோடு நடப்பது போன்றவை திருச்சபை விதித்தவை அல்ல.

இந்து விரதங்களும் கிரகணமும்

இந்து விரதங்களுக்கு ஒரே சட்ட நூல் இல்லை. குடும்ப வழக்கமும் நேர்த்தியுமே விதி. ஆயினும் கருவுற்றவள் முழுப் பட்டினிக்குப் பதிலாக இரவு ஒரு வேளை உண்ணலாம் என்றும், தன்னால் இயலாதபோது அவளுக்காகப் பிறர் விரதத்தை நிறைவேற்றலாம் என்றும் தரும நூல் மரபில் இடம் உண்டு. கணவனோ சகோதரியோ அவளுக்காக விரதம் இருப்பது இதனால் முறைகேடு ஆகாது.

தமிழகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதைச் 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று மாற்றிச் சொல்லி, அகப்பை என்பதற்குக் கருப்பை என்று பொருள் கொள்வர். பிள்ளை வேண்டிச் சஷ்டி விரதம் தொடங்கியவள் கருவுற்றதும், விரதத்தை விட்டால் கிடைத்தது போய்விடுமோ என அஞ்சுகிறாள். முன்பு கருச்சிதைவு ஏற்பட்டவளுக்கு அந்த அச்சம் இரட்டிப்பு. எந்தக் குழந்தைக்காக நோன்பு தொடங்கியதோ அதே குழந்தையின் பொருட்டு நோன்பைத் தளர்த்த வேண்டியிருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னால்தான் அவள் மனம் ஏற்கும்.

கிரகண நேரத்தில் கருவுற்றோரை வீட்டுக்குள் அமர்த்தி உணவும் நீரும் தராதிருப்பதும் பரவலான வழக்கம். தமிழகத்தில் நன்கு தெரிந்த 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் காலை 8 மணிக்குப் பின் தொடங்கி 11 மணிக்குப் பின் முடிந்தது. இரவு உணவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல், கிரகணம் விட்டுக் குளித்துச் சமைத்து உண்ணும் வரை இருந்தவர்களுக்கு அது மேலே கூறிய 18 மணி நேரத்தை நெருங்கியிருக்கும். கிரகணத்தால் உணவுக்கோ கருவுக்கோ தீங்கு இல்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதிருந்தால் போதும்.

ஆய்வுகள் கூறுவது

1983இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எருசலேம் மருத்துவர்கள், யோம் கிப்பூர் நோன்பு முடிந்ததை அடுத்த 24 மணி நேரத்தில் பிரசவங்கள் கூடுவதைப் பதிவு செய்தனர். இது 'யோம் கிப்பூர் விளைவு' எனப் பெயர் பெற்றது. நிறைமாதப் பெண்ணுக்கு வலி சில நாள் முன்னதாக வருவதால் பெருங்கேடில்லை. மாதம் நிறையாதவளுக்கு அதுவே குறைப்பிரசவம் ஆகும். இசுரேலின் பீர்செபா நகர மருத்துவமனையில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரசவப் பதிவுகளைப் பார்த்த பிந்தைய ஆய்வும் இந்த நாளையொட்டிக் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுவதைக் கண்டது.

ரமலான் நோன்பு பற்றி 20க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த மீளாய்வு, குறைப்பிரசவமோ பிறப்பு எடைக் குறைவோ கூடவில்லை என்று கண்டது. நஞ்சுக்கொடியின் எடை மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. இதற்கு மாறாக 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மிச்சிகன் மாநில அரபுத் தாய்மாருக்குக் கருக்காலம் ரமலானோடு சேர்ந்து வந்தபோது பிறப்பு எடை சற்றுக் குறைந்ததைக் காட்டியது. அந்தப் பதிவுகளில் யார் உண்மையில் நோன்பிருந்தார் என்ற செய்தி இல்லை. பல ஆய்வுகளில் நலமாக இருந்தவர்களே நோன்பைத் தேர்ந்திருக்கவும் கூடும். எனவே 'நோன்பால் ஒன்றும் ஆகாது' என்பதும் 'நோன்பால் கட்டாயம் கேடு' என்பதும் ஆய்வு சொல்வதை மிகைப்படுத்துவன. நலமான தாய்க்கு ஆபத்து சிறிது. ஏற்கெனவே குறையுடைய உடலுக்கு ஆபத்து பெரிது என்பதே இதுவரை தெரிந்தவற்றைக் கொண்டு சொல்லக்கூடியது.

நம் நாட்டில் அத்தகைய குறைகள் அரிதல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மருத்துவர் வி. சேஷையா குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரப்புறக் கருவுற்றோரில் 17.8 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புறத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் காணப்பட்டது.

நோன்பைத் தவிர்க்க வேண்டியோர்

- சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக அல்லது இதய நோய் உள்ளோர்
- இரத்தசோகை உள்ளோர்
- முன்பு குறைப்பிரசவம் ஆனவர், இரட்டைக் கரு உடையோர்
- குழந்தையின் வளர்ச்சி போதாது என்று சொல்லப்பட்டோர்
- மசக்கையால் ஓயாது வாந்தி எடுப்போர்
- நேரம் தவறாது மருந்து உட்கொள்ள வேண்டியோர்

மற்றவர்களும் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்பது நல்லது. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும், கோரிமேடு ஜிப்மரிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருக்காலப் பரிசோதனை செய்யப்படுகிறது. சேஷையா குழுவினர் பரப்பிய 75 கிராம் குளுக்கோசு பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. பரிசோதனை நாளையும் ஒரு பட்டினி நாளாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

நோன்பிருக்கத் துணிந்தவர் முந்தைய நாள் முழுதும் நன்றாக நீர் அருந்த வேண்டும். ஒரே மூச்சில் குடித்துப் பயனில்லை. காபி, தேநீர் பழக்கம் உள்ளோர் சில நாள் முன்பிருந்தே குறைத்தால் தலைவலி வராது. வைகறை உணவில் கேழ்வரகு, பருப்பு, முட்டை, காய்கறி போன்று மெல்லச் செரிப்பவை நல்லவை. நோன்பு திறக்கும்போது எண்ணெய்ப் பலகாரத்தைவிட அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி சிறந்தது. இரும்புச்சத்து மாத்திரையை நோன்பு நாளிலும் விடாமல் உண்ணும் நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பகலில் வெயிலில் நடமாடாமல் ஓய்வு கொள்ள வேண்டும்.

தலைச்சுற்றல், அடர் மஞ்சளாகச் சிறுநீர் குறைந்து போதல், கடும் தலைவலி, கண் மங்கல், விட்டுவிட்டு வயிறு இறுகுதல் ஆகியவை தோன்றினால் நோன்பை உடனே முடித்து நீர் அருந்த வேண்டும். குழந்தையின் அசைவு குறைதல், நீர்க்கசிவு, இரத்தக்கசிவு ஆகியவற்றுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; 108 ஊர்தியை அழைக்கலாம்.

யார் முடிவு செய்வது

நான்கு மரபுகளையும் ஒப்பிட்டால் தளர்வு எதிலும் இல்லாமல் இல்லை. அதைக் கேட்கும் துணிவுதான் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. 'நான் இருந்தேனே, நீ இருக்கக் கூடாதா' என்னும் மாமியாரின் ஒரு சொல், சமயச் சட்டம் தந்த விலக்கை எடுத்துவிட வல்லது. யாரும் எதுவும் சொல்லாத வீட்டிலும், எல்லோரும் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பதற்குக் கூச்சம் உண்டு. இதனால் உடல் தாங்காததை மறைத்து நோன்பைத் தொடர்பவர்கள் உண்டு.

'எனக்கு வேண்டும்' என்று அவள் சொன்னால் அதற்கு மேல் சான்று கேட்பதில்லை என்ற யூத விதி இங்குதான் கவனத்துக்குரியது. அந்த ஒரு சொல்லை அவள் தயங்காமல் சொல்லும்படி வீட்டை வைத்துக்கொள்வது குடும்பத்தாரின் கடமை. கேட்கக் காத்திராமல் அவளுக்கென ஒரு தட்டு எடுத்து வைப்பது, அவளோடு ஒருவர் சேர்ந்து உண்பது, அவளுக்காகக் கணவன் விரதம் ஏற்பது, பித்யா கடமையானால் அதை உரிய காலத்தில் கொடுப்பது, பின்னால் களா நோற்கும்போது அடுப்படி வேலையை மற்றவர் பகிர்ந்துகொள்வது ஆகியவை எந்தச் சமயத்துக்கும் புறம்பானவை அல்ல. நோன்பில்லாமலும் அவள் வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். தொழலாம், செபமாலை சொல்லலாம், கோயிலுக்குச் சென்று வரலாம்.